பெரியப்பாவின் லாரியைத் தேடி அந்தமானுக்கு

என் தங்கை மகன் வருகிற ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறான். "பெரியம்மா, நீங்கதான் போயிருக்கீங்களே, எவ்வளவு செலவாகும்?" என்று போனில் கேட்டான். சொன்னேன். கப்பலுக்கு ஐம்பத்தெட்டு ரூபாய், லாட்ஜுக்கு நாளொன்றுக்கு நாலு ரூபாய். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். நான் போனது 1976 ஜனவரியில் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அதனால் இதைப் படித்துவிட்டு அங்கே போய் யாரிடமும் நாலு ரூபாய்க்கு அறை கேட்டுச் சண்டை போடாதீர்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போய்த் தீவில் தங்கிவிட்ட ஒருவர் இருந்து, அவர் சுவடைத் தேடிப் போவதாக இருந்தால், இந்தப் பழைய பயணத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு இருக்கிறது.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா காய்கறி லாரி ஓட்டினார். எங்கள் வீட்டுக்கு ஊரில் பெயர் 'லாரிக்காரர் வீடு'. அந்தப் பெயர் அப்பாவால் வந்ததல்ல, அவருடைய அண்ணன் வேலுச்சாமியால் வந்தது. பெரியப்பா யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லைக்குப் போய், அங்கிருந்து ஒரு போஸ்ட்கார்டு போட்டார். அதில் 'இங்கு எனக்கு லாரி வேலை' என்று எழுதியிருந்ததாம். மாட்டு வண்டியும் சைக்கிளும் மட்டுமே பார்த்த தெருவில் இது எப்படிப்பட்ட செய்தி என்று நினைத்துப் பாருங்கள். அப்போது அப்பாவுக்குப் பதினாலு வயது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், தானும் லாரிதான் ஓட்டுவதென்று. பதினேழு வயதில் கிளீனர், இருபத்திரண்டில் டிரைவர்.

யுத்தம் முடிந்து பெரியப்பா ஒரே ஒரு முறை பத்து நாள் லீவில் வந்துபோனார். பிறகு பட்டாளத்திலிருந்து விடுபட்டு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்தமானுக்குப் போனார். காட்டை வெட்டி ஊர்கள் உண்டாக்கிக்கொண்டிருந்த காலம். வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். 'அடுத்த வருஷம் வருகிறேன்' என்று முடியும். இருபது வருஷம் அடுத்த வருஷமாகவே போயிற்று. 1974-இல் காளிமுத்து என்கிற நண்பர் எழுதிய கடிதம்தான் வந்தது. 'அண்ணன் காய்ச்சலில் தவறிவிட்டார். பெட்டி என்னிடம் இருக்கிறது. யாராவது நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும்.' கீழே சௌல்தாரி என்று விலாசம். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரெண்டு வருஷம் சுற்றினார். போகவும் இல்லை, பதில் போடவும் இல்லை. அண்ணன் ஏன் வரவில்லை, நான் என்ன தப்பு செய்தேன் என்று அம்மாவிடம் மட்டும் கேட்பாராம்.

அந்தச் சமயத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், போருக்குப் போன எங்களூர்க்காரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதிக்க ஏற்பாடாயிற்று. பெயரும் பட்டாளத்தில் பார்த்த வேலையும். பதினொரு பேர் வீட்டிலிருந்து காகிதம் வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. "பிப்ரவரிக்குள்ள டிஸ்சார்ஜ் புக்கைக் கொண்டு வாங்க, இல்லேன்னா பேரை விட்டுட்டுத்தான் வெட்டணும்" என்று விழாக் கமிட்டிச் செயலாளர் சொல்லிவிட்டார். தம்பிகள் ரெண்டு பேரும் கடல் என்றதும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்கு இருபத்தாறு வயது, அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட், கையில் லீவு இருந்தது. "கல்யாணமாகாத பிள்ளை தனியா கப்பல்லயா?" என்று தெருவே கேட்டது. அப்பா ஒன்றுதான் கேட்டார். "வாந்தி வருமேம்மா, எலுமிச்சம்பழம் எத்தனை வாங்கட்டும்?"

இருபது வாங்கினார். அதில் பதினெட்டு செலவாயிற்று. சென்னையில் வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிய கப்பல் திங்கள் காலை எட்டரைக்குப் போர்ட் பிளேர் சேர்ந்தது. நான் எடுத்தது பங்க் வகுப்பு. ஒரே கூடத்தில் அடுக்குக் கட்டில்கள், எல்லார் பெட்டியும் எல்லார் காலடியிலும். முதல் நாள் ஒருவரையொருவர் முறைத்தோம், ரெண்டாம் நாள் எல்லாரும் சேர்ந்து வாந்தி எடுத்தோம், மூன்றாம் நாள் உறவினர்களாகிவிட்டோம். கீழ்க் கட்டில் வாங்குங்கள். மேல் கட்டிலில் அலையோடு கூரையும் ஆடும்.

அபர்தீன் பஜாரில் லாட்ஜ். கப்பலில் பழகிய குடும்பம் என்னைத் தங்கள் வீட்டுப் பெண் என்று சொன்னதால்தான் அறை கிடைத்தது. திரும்பும் கப்பல் சனிக்கிழமை. அதை விட்டால் அடுத்தது மூன்று வாரம் கழித்து, அதற்குள் கல் வெட்டி முடிந்திருக்கும். ஆக என் கையில் இருந்தது ஐந்து நாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் சௌல்தாரி. இருபது கிலோமீட்டர் சொச்சம், ஒரு ரூபாய் டிக்கெட், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் பாக்கும் தென்னையும் நடுநடுவே நெல் வயலும். அதற்கு முன் திண்டுக்கல்லைத் தாண்டி எங்கேயும் போகாத என் கண்ணுக்கு அவ்வளவு பச்சை ஆகவில்லை, கொஞ்சம் தலையே சுற்றியது. பஸ் நின்ற இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரம்மா பெயர் பாக்கியம், சேலம் பக்கத்துத் தமிழ். நான் பெரியப்பா பெயரைச் சொன்னதும் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"யாரு, லாங்ரி வேலு அண்ணனா?"

"லாரி வேலு" என்று நான் திருத்தினேன்.

"ஆமா, லாங்ரி."

"லாரிங்க."

"அதான் பாப்பா நானும் சொல்றேன், லாங்ரி!"

சரி, இங்கே வங்காளி, தெலுங்கு, மலையாளி எல்லாரும் ஒன்றாக இந்தி பேசுகிற இடம், லாரியைக்கூட மூக்கால் சொல்லப் பழகிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான். பாக்கியம் அக்கா என்னிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. "அவரு போட்டுத் தந்த தால் தின்னு வளந்த பிள்ளைங்க இந்த ஊரு பஸ்தி பூரா இருக்கு. ஒரு வீட்ல கல்யாணம்னா முதல்ல அவருகிட்ட சொல்லிட்டுத்தான் தேதியே வெப்பாங்க" என்றார். லாரி ஓட்டுகிறவருக்குச் சமையலும் தெரிந்திருக்கிறது, பரவாயில்லையே என்று பெருமைப்பட்டேன்.

அடுத்து அவர் சொன்னதில்தான் டீ கசந்தது. காளிமுத்துவுக்கு ரோடு வேலையோடு மாற்றலாகிப் பாராடாங் தீவுக்குப் போய் ஒரு வருஷம் ஆயிற்று. பெட்டியும் அவரோடு போய்விட்டது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து பாராடாங்குக்கு போட். ஐந்து மணிக்கே போய் வரிசையில் நின்றேன். டிக்கெட் கொடுத்தவர் என் புடவையையும் பையையும் பார்த்துவிட்டு, "மெயின்லேண்டா? அகேலா போறியா?" என்று கேட்டார். அகேலா என்றால் தனியாக என்று பின்னாலிருந்தவர் சொன்னார். ஆமாம் என்றேன். "வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அங்கேயிருந்து ரிட்டர்ன். மிஸ் பண்ணினா அடுத்த புதன்தான்" என்றார். கோழி, அரிசி மூட்டை, தகர ஷீட், நான். ஏழு மணி நேரம். கரையோரமாகப் போனதால் கடல் மரியாதையாக நடந்துகொண்டது. மிச்சமிருந்த ரெண்டு எலுமிச்சம்பழத்தையும் பக்கத்தில் இருந்த வங்காளிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கடைசி ஒரு மணி நேரம் அலையாத்திக் காட்டுக்கு நடுவில் ஓடை மாதிரி வழி. அழகு என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன், அதை வர்ணிக்க எனக்கு வராது.

காளிமுத்து வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது, ஆள்தான் இல்லை. ரோடு வேலைக் கேம்புக்கு லாரியோடு போயிருந்தார். அவர் மனைவி செல்வி என்னைப் பிடித்து உட்கார வைத்து மீன்குழம்பு போட்டார். கட்டிலுக்கடியில் பச்சைத் தகரப் பெட்டி இருந்தது. ஆனால் சாவி காளிமுத்துவின் இடுப்பில். "நாளைக்கு வந்துருவாரு. வண்டி படுத்துக்கிட்டா நாளான்னைக்கு" என்றார் செல்வி. நாளை மறுநாள் ஏழு மணிக்குப் போட். வியாழக்கிழமை முழுக்க நான் வாசலிலேயே நின்று, தூரத்தில் கேட்கிற ஒவ்வொரு சத்தமும் லாரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டே வெறுங்கையோடு திரும்பினால் அப்பாவிடம் என்ன சொல்வது?

வியாழன் மாலை நாலு மணிக்கு லாரி வந்தது. இறங்கிய காளிமுத்து ராமநாதபுரத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார்.

"தம்பி மகளா? அரே, வந்துட்டியா தங்கச்சி! ரெண்டு வருஷமா பாக்குறேன். தபால்ல போடாத, ஆளு வந்தா வாயால சொல்லிக் குடுன்னு அண்ணன் சொல்லிட்டுப் போயிட்டாரு."

"என்னத்தைச் சொல்லணும்ணே?"

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். மேலே டிஸ்சார்ஜ் புத்தகம். ஆங்கிலத்தில் பெயர், நம்பர், சேர்ந்த வருஷம் எல்லாம் சரி. வேலை என்கிற இடத்தில் 'குக்' என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ரெண்டு வருஷம் வைத்திருந்து வேறு யாருடைய புத்தகத்தையோ தருகிறாரே என்று கோபமாகவே கேட்டேன். "இது எங்க பெரியப்பாது இல்லண்ணே. அவரு பட்டாளத்துல லாரி ஓட்டுனவரு."

காளிமுத்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"லாரி இல்ல தங்கச்சி. லாங்ரி. லங்கர்னா பட்டாளத்துச் சமையக்கட்டு, அங்க சமைக்கிறவன் லாங்ரி. அண்ணன் பட்டாளத்துலயும் சமையல், இங்க கேம்ப்லயும் சமையல். இந்த ரோடு போட்ட கூலி ஆளு பாதிப் பேரு அவரு கையாலதான் சாப்பிட்டான். பர்மாவுல பின்வாங்கி ஓடுனப்ப அவனவன் சாமானைப் போட்டுட்டு ஓடுனானாம். இவரு பருப்புத் தேக்சாவை, அவ்ளோ பெரிய பாத்திரத்தை, தலையில வெச்சுக்கிட்டு மூணு நாள் நடந்தாராம். மூணாம் நாள் சாயங்காலம் அந்தத் தேக்சாவுலதான் அறுபது பேருக்குக் கஞ்சி."

புத்தகத்துக்குள் ஒரு புகைப்படம். பத்துப் பேர் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். ஓரத்தில் எங்கள் பெரியப்பா, அப்பாவின் அதே மூக்கோடு, நீளக் கரண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அட்டென்ஷனில் நிற்கிறார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் போஸ்ட்கார்டு ஞாபகம் வந்தது. அது எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இப்போதும் இருக்கிறது. அந்தக் காலத்து அவசரக் கையெழுத்து, எந்த எழுத்துக்கும் புள்ளி கிடையாது. 'லாஙரி வேலை' என்றுதான் அதில் இருக்கும். அதை ஊருக்கு வாசித்துக் காட்டியவர் ஹெட்மாஸ்டர். நடுவில் இருந்த ங-வைப் பார்த்துவிட்டு, "இந்த எழுத்தைத் தனியா யாரு எழுதுவா? பையன் கை தவறிட்டான். லாரின்னு படிச்சுக்க வேண்டியதுதான்" என்றாராம். இது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்படுகிற கதை. பரீட்சைத் தாளைத் திருத்துவது போல எங்கள் பெரியப்பாவின் வாழ்க்கையை ஒருவர் திருத்திவிட்டார், நாங்கள் முப்பது வருஷம் அதற்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

"சரிண்ணே, லீவுல வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"கேட்டேனே! தம்பி சின்னப் பய, அவ்ளோ சந்தோசமா இருந்தான், போகட்டும்னு விட்டுட்டேன்டா காளின்னாரு. அதுக்கப்புறம் இது வந்துச்சு." அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

அப்பாவின் கையெழுத்து. டிரைவர் ஆன புதிதில் எழுதியது. 'அண்ணே, உன்னைப் பார்த்து நானும் லாரிக்காரன் ஆகிவிட்டேன். நீ ஊருக்கு வந்ததும் என் வண்டியை நீதான் ஓட்ட வேண்டும். கடைவீதி முழுக்க ஒரு சுற்று. ஊரே பார்க்க வேண்டும். எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.' பின்பக்கம் பெரியப்பா பென்சிலால் பதில் எழுத ஆரம்பித்திருந்தார். 'அன்புள்ள தம்பிக்கு, ஒரு விஷயம்.' அடித்திருந்தது. கீழே மறுபடி 'அன்புள்ள தம்பிக்கு, ஒரு விஷயம்.' மூன்று தடவை. அதற்கு மேல் போகவில்லை.

"அதான் என்கிட்ட வந்தாரு" என்றார் காளிமுத்து. "லாரி சொல்லிக் குடுடா, கத்துக்கிட்டு ஊருக்குப் போறேன்னு. மத்லப், அதாவது பொய்யை நெசமாக்கிட்டா தீந்துச்சுல்ல? சௌல்தாரியில ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாடம். கிளட்ச்சை விடுங்கன்னா பிரேக்கை மிதிப்பாரு. இருநூறு பேருக்கு உலை வெக்கிற மனுசன், ஸ்டியரிங்கைத் தொட்டா வண்டி ஓரத்துக்குத்தான் போகும். ஒருநாள் நாப்பது அடி ஓட்டுனாரு தங்கச்சி, பிரமாதமா! நாப்பத்தோராவது அடியில ஒரு பெங்காலி வயக்காடு. நாத்து பூரா போச்சு. அந்தாளு அரிவாளோட வந்தாரு. அண்ணன் இறங்கிப் போனாரு. நேரா அந்தாளு வீட்டு அடுப்பைப் பத்த வெச்சுச் சமைக்க உக்காந்துட்டாரு. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டோட சண்டை முடிஞ்சுது."

நானும் செல்வியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். காளிமுத்துவும் சிரித்தார்.

"மூணு வருசம் முயற்சி பண்ணுனாரு. வரல. அடுத்த வருசம் கத்துக்கிட்டுப் போயிருவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவ்ளோதான்."

அப்போது என் கண்ணில் இருந்தது சிரித்ததால் வந்த தண்ணீர் இல்லை. 'அடுத்த வருஷம் வருகிறேன்' என்று வந்த கடிதங்களுக்கெல்லாம் அர்த்தம் இவ்வளவுதான். கோபமில்லை, மனத்தாங்கலில்லை. ஒரு கடைவீதிச் சுற்றுக்குப் பயந்து ஒரு மனிதர் இருபது வருஷம் கடலுக்கு அந்தப் பக்கமே இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை போட், சனிக்கிழமை கப்பல், எல்லாம் நேரத்துக்குக் கிடைத்தன. செல்வி கட்டிக் கொடுத்த ஊறுகாயால் திரும்பும்போது வாந்தி குறைவு. மூன்று நாளும் நான் யோசித்தது ஒன்றைத்தான். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் லாரிக்காரரானதே இந்த அண்ணனால். எங்கள் வீட்டின் பெயரே இது. பேசாமல் புத்தகத்தைக் கமிட்டியிடம் மட்டும் கொடுத்துவிட்டு, கடிதத்தைக் கடலில் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

போடவில்லை. வீட்டுக்குப் போனபோது அப்பா லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி, கடிதத்தைக் கொடுத்தேன். முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். லாரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அட அண்ணே" என்றார், நான் அங்கே இல்லாதது போல. "வந்திருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே. ஒரு வாரம் போதுமே."

அப்படியே அழுதார். நாற்பது அடிக் கதையை நான் ரெண்டாம் தடவை சொன்னபோது சிரித்தார். "அப்போ நம்ம வீட்டுப் பேரு?" என்று கேட்டேன். "லாரிக்காரன் நான் இருக்கேன்ல? பேரு சரியாத்தான் இருக்கு" என்றார்.

இனி, போகிறவர்களுக்கு. இப்போது சென்னையிலிருந்து விமானத்தில் ரெண்டு மணி நேரச் சொச்சம்தானாம், கப்பலும் இருக்கிறது. நேரமிருந்தால் ஒரு வழியாவது கப்பலில் போங்கள். பாராடாங்குக்கு இன்று சாலை இருக்கிறது, அது ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. வாகனங்களைக் கூட்டமாக, குறித்த நேரத்தில்தான் விடுகிறார்கள். நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள். வழியில் நிறுத்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள். திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் ஒருநாள் சும்மா வைத்துக்கொள்ளுங்கள், தீவில் நமக்கு வேண்டிய ஆள் எப்போதும் வேறு தீவில் இருப்பார். பழைய காகிதங்களைத் தேடிப் போகிறவர்கள் ஆபீஸுக்குப் போகும் முன் டீக்கடைக்குப் போங்கள். உங்கள் ஆளுக்கு அங்கே என்ன பெயர் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை என்னைப் போலத் திருத்தாதீர்கள். வீட்டில் பழைய கடிதம் இருந்தால் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். புரியாத எழுத்தைத் தவறு என்று தள்ளிவிடாதீர்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் பள்ளிக்கூடச் சுவரில் அந்தக் கல்லைப் பார்க்கலாம். 'சமையல்னு போட்டா நல்லாவா இருக்கும், வெறுமனே ராணுவ வீரர்னு போட்டுக்கலாமே' என்று செயலாளர் எவ்வளவோ சொன்னார். அப்பா கேட்கவில்லை. கல் வெட்டுகிற அன்று லோடு எடுக்காமல் அங்கேயே போய் நின்றார். நானும் கூட இருந்தேன். பன்னிரண்டாவது பெயருக்கு வந்ததும் கல்தச்சர் தாளைப் பார்த்து உளியை நிறுத்தினார்.

"லாரிதானுங்களே? நடுவுல இந்த ங் எதுக்கு? தப்பா விழுந்திருக்கு, எடுத்துரட்டுமா?"

"எடுக்காதீங்க" என்றார் அப்பா. "அதை ஒருதரம் எடுத்துத்தான் என் அண்ணன் ஊருக்கே வரல. நல்லா ஆழமா வெட்டுங்க. புள்ளியும் வையுங்க."